எட்டாம் இடத்துக்கு ஒரு புள்ளி: அமெரிக்கக் கல்லூரித் தடகளச் சேர்க்கையும் நம் வகுப்பறையும்

குறுவட்டப் போட்டிகள் முடிந்து வருவாய் மாவட்டப் போட்டிகள் தொடங்கும் நாள்களில் மாணவர்களின் கைப்பேசிகளில் ஒரு விளம்பரம் சுற்றி வரும். 'நீங்கள் தடகள வீரரா? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் நூறு விழுக்காடு உதவித்தொகையுடன் படிக்கலாம்' என்று அதில் இருக்கும். கீழே ஓர் எண். அழைத்தால் முதலில் பதிவுக் கட்டணம் கேட்பார்கள். விளம்பரம் சொல்லும் வாய்ப்பு பொய் அல்ல. நன்றாக ஓடுபவரையும் எறிபவரையும் தேடிப் பிடித்து, பணம் கொடுத்துப் படிக்க வைக்கும் கல்லூரிகள் அங்கே உண்டு. அந்த வாய்ப்பு யாருக்கு, எந்த வகுப்பிலிருந்து, எவ்வளவு பணத்துக்கு என்பதைத்தான் விளம்பரம் சொல்வதில்லை.

நான் ஆங்கிலம் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். விசிலும் நிறுத்துக் கடிகாரமும் எங்கள் பள்ளி உடற்கல்வி ஆசிரியரின் பொறுப்பு. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் படித்த ஒரு மாணவி, ஈட்டி எறிபவள், "சார், இதை இங்கிலீஷ்ல எழுதித் தர்றீங்களா?" என்று ஒரு தாளுடன் வந்தாள். அமெரிக்கக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய கடிதம். ஒரு முகவர் கேட்டாராம். கடிதத்தோடு 75,000 ரூபாயும் கேட்டிருந்தார். அவள் அப்பா கொத்தனார்; வீட்டில் இருந்த ஒரே சங்கிலியை அடகு வைப்பது பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பத்து நாள் பொறுக்கச் சொல்லிவிட்டு, அந்த நாட்டு விதிகளைப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது: இதில் பாதி வேலை மைதானத்தில் நடக்கிறது, மீதிப் பாதி ஒன்பதாம், பத்தாம் வகுப்பு ஆசிரியர்களின் மேசையில் நடக்கிறது. இதை நம் இதழில் எழுத வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

கல்லூரி ஏன் தேடுகிறது?

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் ஆண்டுக்கு ஒரு விளையாட்டு விழா, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒரு போட்டி. அமெரிக்காவில் அது கல்லூரியின் பெயரையே தாங்கி நிற்கும் பெரிய ஏற்பாடு. அதை நடத்தும் அமைப்புகளில் பெரியது என்.சி.ஏ.ஏ. என்னும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம். ஏறத்தாழ 1,100 கல்லூரிகள் அதில் உறுப்பு. அவற்றை மூன்று பிரிவுகளாக வகுத்திருக்கிறார்கள். முதல் பிரிவும் இரண்டாம் பிரிவும் விளையாட்டுக்காக உதவித்தொகை தரலாம். மூன்றாம் பிரிவு தரக்கூடாது. இவை தவிர, என்.ஏ.ஐ.ஏ. என்ற அமைப்பில் சிறிய கல்லூரிகளும், என்.ஜே.சி.ஏ.ஏ. என்ற அமைப்பில் இரண்டாண்டுக் கல்லூரிகளும் உள்ளன. முகவர்கள் பொதுவாக இந்த வேறுபாடுகளைச் சொல்வதில்லை. எல்லாவற்றையும் 'யு.எஸ். யுனிவர்சிட்டி' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவார்கள்.

ஒவ்வொரு அணிக்கும் சம்பளம் வாங்கும் முழுநேரப் பயிற்சியாளர் உண்டு. புள்ளிக் கணக்கே அவர் வேலையைத் தீர்மானிக்கிறது. அருகருகே உள்ள கல்லூரிகள் சேர்ந்த குழுமத்தைக் கான்பரன்ஸ் என்பார்கள். ஒரு நிகழ்வில் முதல் எட்டு இடம் பெறுபவர்கள் அணிக்கு முறையே 10, 8, 6, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி சேர்ப்பார்கள். தேசிய வாகையர் போட்டியிலும் கான்பரன்ஸ் போட்டிகள் பலவற்றிலும் இதுவே கணக்கு. தேசிய வெளியரங்கப் போட்டியில் ஆண்களுக்கு 21 நிகழ்வுகள், பெண்களுக்கும் 21. ஆகவே ஒரு மாணவரின் கடிதம் வந்ததும் பயிற்சியாளர் மனத்தில் எழும் கேள்வி, 'இவர் நம் கான்பரன்ஸில் எட்டுக்குள் வருவாரா? எத்தனை ஆண்டு வருவார்?' என்பதுதான். மாவட்டத்தில் முதலிடம், மாநிலத்தில் மூன்றாமிடம் என்பதெல்லாம் அவருக்குப் புரியாத மொழி. எத்தனை விநாடி, எத்தனை மீட்டர் என்பது மட்டும் புரியும்.

இது தடகளத்துக்கே உரிய வசதி. கால்பந்து வீரரை மதிப்பிட ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும். உயரம் தாண்டுபவரை மதிப்பிட ஓர் எண் போதும். டெல்லியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தேஜஸ்வின் சங்கர் எட்டாம் வகுப்பு வரை கிரிக்கெட் ஆடியவர். உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016-இல் நம் கோயம்புத்தூரில் நடந்த தேசிய இளையோர் தடகளப் போட்டியில் அவர் 2.26 மீட்டர் தாண்டித் தேசிய சாதனை படைத்தார். கோவையில் தாண்டிய 2.26 மீட்டர் கான்சாஸ் மாநிலத்திலும் 2.26 மீட்டர்தான். மறு ஆண்டே கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். 2018-இல் 2.24 மீட்டர் தாண்டி என்.சி.ஏ.ஏ. வாகையர் ஆனார், 2022-இல் 2.27 மீட்டருடன் மீண்டும் வென்றார். சென்னையைச் சேர்ந்த குண்டு எறிதல் வீராங்கனை கிருஷ்ணா ஜெயசங்கர் லாஸ் வேகஸில் உள்ள நெவாடா பல்கலைக்கழக அணிக்காக எறிந்து, 2025-இல் உள்ளரங்கப் போட்டியில் 16 மீட்டரைக் கடந்த முதல் இந்தியப் பெண் ஆனார். இவர்கள் உச்சியில் நிற்பவர்கள். எல்லாருக்கும் இந்த உயரம் தேவை என்று நினைக்க வேண்டாம். எட்டாம் இடத்துக்கும் ஒரு புள்ளி உண்டு; சிறிய கான்பரன்ஸ்களில் எட்டாம் இடத்துக்கான அளவு வெகுவாகக் கீழே இறங்கும்.

அதைக் கண்டுபிடிக்க முகவர் வேண்டியதில்லை. அமெரிக்கக் கல்லூரித் தடகள முடிவுகள் டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. ஒரு கான்பரன்ஸைத் தேர்ந்தெடுத்து, கடந்த மூன்று ஆண்டுகளில் நம் மாணவரின் நிகழ்வில் எட்டாம் இடம் பெற்றவரின் அளவை எழுதிக்கொள்ளலாம். பக்கத்தில் நம் மாணவரின் அளவை எழுதலாம். எங்கள் பள்ளியில் இதை ஹைடெக் ஆய்வகக் கணினியில் மாணவியையே செய்ய வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் பத்து கான்பரன்ஸ் பார்த்துவிட்டாள். தான் எங்கே நிற்கிறாள் என்று யாரும் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நம் அளவும் அவர்கள் அளவும்

அட்டவணை போடும்போதுதான் சிக்கல் வரும். நம் சான்றிதழில் இருக்கும் எண்ணும் அங்கே கேட்கும் எண்ணும் பல நேரங்களில் ஒரே பொருளைக் குறிப்பதில்லை.

முதலில் நேரம். குறுவட்டத்திலும் பெரும்பாலும் மாவட்டத்திலும் கைக் கடிகாரத்தில்தான் நேரம் எடுக்கிறோம். துப்பாக்கிப் புகையைப் பார்த்துப் பொத்தானை அழுத்த நேரம் எடுப்பவருக்குச் சற்றுத் தாமதமாகும். முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவது தெரிவதால் தாமதமின்றி அழுத்திவிடுவார். அதனால் கை நேரம் உண்மையைவிடக் குறைவாக வரும். (அறிவியல் ஆசிரியர்கள் இதை ஒரு செய்முறையாகவே நடத்தலாம், மாணவர்கள் விரும்பிச் செய்வார்கள்.) விதிப்படி, கடிகாரம் 10.93 விநாடி காட்டினால் 11.0 என்று மேல்நோக்கிப் பதிய வேண்டும். அதை மின்னணு நேரத்துடன் ஒப்பிட 100, 200 மீட்டருக்கு 0.24 விநாடியும், 400 மீட்டருக்கு 0.14 விநாடியும் கூட்டுவது வழக்கம். ஆகவே அந்த மாணவனின் நேரம் 11.24. 'சார், நான் 10.9' என்று சொல்லித் திரிபவனுக்கு இது கசக்கும். ஆனால் கடிதத்தில் 10.9 என்று எழுதினால் பயிற்சியாளர் அடுத்து கேட்பது 'மின்னணு நேரமா? காற்று எவ்வளவு?' என்பதாகவே இருக்கும். குறுந்தூர ஓட்டத்திலும் நீளம், மும்முறை தாண்டுதலிலும் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் இருந்தால் அந்த அளவு சாதனைக் கணக்கில் வராது. மின்னணு நேரமும் காற்றுமானியும் உள்ள மாநில, தேசியப் போட்டிகளில் கிடைக்கும் ஓர் அளவு, மாவட்டத்தில் வாங்கிய பத்துப் பதக்கங்களைவிட இந்த வேலைக்குப் பயன்படும்.

அடுத்து கருவியின் எடை. 18 வயதுக்குட்பட்ட மாணவர்கள் 5 கிலோ குண்டு எறிகிறார்கள். 20 வயதுக்குட்பட்டவர்கள் 6 கிலோ. அமெரிக்கக் கல்லூரியில் ஆண்களுக்கு 7.26 கிலோ. மாணவியருக்கு 18 வயதுக்குள் 3 கிலோ, பிறகு 4 கிலோ. கல்லூரியிலும் 4 கிலோதான். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடையின் உயரம் 91.4 செ.மீ., கல்லூரியில் 106.7 செ.மீ. எங்கள் மாணவியின் 38 மீட்டர், 500 கிராம் ஈட்டியில் எறிந்தது. கல்லூரிப் பெண்கள் எறிவது 600 கிராம். நூறு கிராம்தானே என்று அவள் கேட்டாள். மறுநாள் காலை உடற்கல்வி ஆசிரியர் பக்கத்துக் கல்லூரியில் இரவல் வாங்கிய 600 கிராம் ஈட்டியைக் கையில் கொடுத்தார். முதல் எறிதல் 32 மீட்டரைத் தாண்டவில்லை.

ஆனாலும் ஈட்டிக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலான மாநிலங்களில் ஈட்டி எறிதலே கிடையாது. சங்கிலிக் குண்டு எறிதல் அதைவிட அரிது. 3000 மீட்டர் தடைதாண்டும் நெடுஓட்டமும் பள்ளி அளவில் அபூர்வம். கல்லூரியில் இவை மூன்றுக்கும் புள்ளி உண்டு. அந்த நாட்டுப் பிள்ளைகள் கல்லூரிக்கு வந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதால், பயிற்சியாளர்கள் இந்த நிகழ்வுகளுக்கு வெளிநாட்டு மாணவர்களைத் தேடுகிறார்கள். 100 மீட்டர் ஓடும் மாணவர் அங்கே உள்ளூர்க் கூட்டத்தோடு முட்டி மோத வேண்டும். எறிபவருக்கும் நெடுந்தூரம் ஓடுபவருக்கும் நெரிசல் கொஞ்சம் குறைவு.

ஒன்பதாம் வகுப்பில் தொடங்கும் கணக்கு

இந்தப் பகுதியை வகுப்பாசிரியர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும்.

என்.சி.ஏ.ஏ. முதல், இரண்டாம் பிரிவுக் கல்லூரியில் விளையாட, விளையாட்டுத் திறமை மட்டும் போதாது. அதன் தகுதி மையம் மாணவரின் பள்ளிப் படிப்பை ஒன்பதாம் வகுப்பிலிருந்து பார்க்கிறது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளில் 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும். முதல் பிரிவுக்கு ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று ஆண்டு, அறிவியல் இரண்டு ஆண்டு, சமூக அறிவியல் இரண்டு ஆண்டு. மீதி இவற்றிலிருந்தும் வேறு மொழி முதலியவற்றிலிருந்தும் வரலாம். அந்தப் பாடங்களில் நான்குக்கு 2.3 தரப்புள்ளி சராசரி வேண்டும். இரண்டாம் பிரிவுக்குக் கணிதம் இரண்டு ஆண்டு போதும், சராசரி 2.2. மேலும் முதல் பிரிவுக்கு, இந்த 16-இல் பத்துப் பாடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குமுன்பே முடிந்திருக்க வேண்டும். கடைசி ஆண்டில் விழுந்து விழுந்து படித்து ஈடுகட்ட முடியாதபடி விதியை வைத்திருக்கிறார்கள்.

நம் பள்ளியில் நடப்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் விளையாட்டுப் பிள்ளைகளை எந்தப் பிரிவில் சேர்க்கிறோம்? 'கிரவுண்டுக்குப் போற பையன், கணக்கு எதுக்கு அவனுக்கு?' என்று கணிதமில்லாத பிரிவைச் சுட்டிக்காட்டுகிறோம். அக்கறையோடுதான் சொல்கிறோம். ஆனால் ஒன்பதிலும் பத்திலும் படித்த கணிதத்தோடு நின்றுவிட்டால், மூன்று ஆண்டுக் கணிதம் கேட்கும் முதல் பிரிவு அந்த மாணவருக்கு எட்டாமல் போகும். பதினைந்து வயதில் ஒரு படிவத்தில் போட்ட டிக் குறி, பதினெட்டு வயதில் வந்து கதவை மூடும். எல்லா விளையாட்டுப் பிள்ளைகளையும் கணிதப் பிரிவில் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தேர்ந்தெடுக்கும்போது அவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் அரசுத் தேர்வுத் துறை சான்றிதழ் தருகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு இருப்பது பள்ளியின் பதிவேடு. மூன்று ஆண்டு கழித்து, பாடவாரியான மதிப்பெண்ணைத் தலைமையாசிரியர் கையொப்பம், முத்திரையுடன் கேட்டால் எத்தனை பள்ளிகளில் அன்றே எடுத்துத் தர முடியும்? மாணவர் நடுவில் பள்ளி மாறியிருந்தால், அல்லது விளையாட்டு விடுதிக்குப் போயிருந்தால், பழைய பள்ளியில் தேடல் தொடங்கும். திறமையுள்ள மாணவர் ஒன்பதாம் வகுப்பு முடிக்கும்போதே ஒரு நகலை ஒப்பமிட்டுக் கையில் கொடுத்துவிடுவது ஐந்து நிமிட வேலை.

முன்பு எஸ்.ஏ.டி. போன்ற தேர்வு மதிப்பெண்ணும் தகுதி மையத்துக்குத் தேவைப்பட்டது. 2023 ஜனவரியில் அதை நீக்கிவிட்டார்கள். தனித்தனிக் கல்லூரிகள் இன்னும் கேட்கலாம். ஆங்கிலத் திறனுக்கு டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ்., டுவோலிங்கோ ஆகியவற்றில் ஒன்றைப் பெரும்பாலான கல்லூரிகள் கேட்கின்றன. தமிழ்வழியில் படித்த மாணவருக்கு இதுதான் மலைப்பு. ஆனால் அந்தத் தேர்வுகள் கேட்பது செய்யுள் விளக்கத்தை அல்ல. கேட்டு, பேசி, படித்து, எழுதத் தெரிகிறதா என்பதை. எங்கள் மாணவி தினமும் தன் பயிற்சிக் குறிப்பை ஆங்கிலத்தில் ஐந்து வரி எழுதத் தொடங்கினாள். முதல் மாதம் 'ஐ த்ரோ யெஸ்டர்டே' என்றுதான் இருந்தது. இறந்தகால வினைமுற்றை அவள் அந்த நோட்டில்தான் கற்றாள், என் வகுப்பில் அல்ல.

வயதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு மூன்றிலும் ஒரே தேதி இருக்க வேண்டும். இளையோர் பிரிவில் ஓட வேண்டும் என்று தேதியை மாற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பது நமக்குத் தெரியாததல்ல. அது ஒருநாள் பிள்ளையின் கழுத்தைத்தான் பிடிக்கும். பள்ளி முடித்துவிட்டு 'இரண்டு வருஷம் பிராக்டிஸ் பண்ணி மார்க் ஏத்திட்டுப் போகலாம்' என்ற யோசனையிலும் ஆபத்து உண்டு. காத்திருக்கும் காலத்தில் கலந்துகொள்ளும் போட்டிகள், கல்லூரியில் விளையாடக் கிடைக்கும் ஆண்டுகளைக் குறைத்துவிடக்கூடும். விதிகள் அடிக்கடி மாறுவதால் அந்த ஆண்டு விதியை என்.சி.ஏ.ஏ. தளத்திலேயே பார்த்துக்கொள்வது நல்லது.

'நூறு விழுக்காடு' என்பதன் கணக்கு

பெற்றோரிடம் பேசும்போது நாம் உறுதியாகச் சொல்ல வேண்டியது இது. தடகளத்தில் முழு உதவித்தொகை விதிவிலக்கு. பகுதி உதவித்தொகையே வழக்கம்.

நீண்டகாலமாக முதல் பிரிவுக் கல்லூரி ஒன்றின் ஆண்கள் தடகள அணிக்கு 12.6 முழு உதவித்தொகையும் பெண்கள் அணிக்கு 18-ம் உச்ச வரம்பு. நெடுந்தூர ஓட்ட அணியும் இதற்குள்தான் அடங்கும். இதைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கலாம். 12.6-ஐ 36 பேருக்குச் சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 0.35, அதாவது 35 விழுக்காடு. மீதி 65 விழுக்காட்டைக் குடும்பம் கட்ட வேண்டும். 2025-இல் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கை வரம்பு போய், அணியின் ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வந்திருக்கிறது: தடகளத்தில் 45 பேர். பணமுள்ள கல்லூரி இனி அதிகம் பேருக்கு முழுத்தொகை தரலாம். அதேசமயம் 'சேர்ந்து பார்க்கட்டும்' என்று எடுக்கும் கடைசி இடங்கள் குறையும். உடன்பாட்டில் சேராத கல்லூரிகளுக்குப் பழைய வரம்பே. இரண்டாம் பிரிவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் 12.6.

பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 12.6 என்ற வேறுபாடு ஏன் என்று கணித ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். 1972-இல் வந்த சட்டம் ஒன்று, அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. 'டைட்டில் நைன்' என்று அதைச் சொல்வார்கள். அமெரிக்கக் கால்பந்து அணியே ஏராளமான ஆண்களுக்கு உதவித்தொகை எடுத்துக்கொள்வதால், மற்ற விளையாட்டுகளில் பெண்களுக்குக் கூடுதலாக ஒதுக்கிச் சமன் செய்தார்கள். நம் மாணவியருக்கு இது சாதகம்.

விசா கட்டத்தில் கணக்கு இன்னும் கறாராகிறது. உதவித்தொகை போக மீதமுள்ள முதலாண்டுச் செலவுக்குக் குடும்பத்திடம் பணம் இருக்கிறது என்று காட்டினால்தான் கல்லூரி ஐ-20 என்ற படிவத்தைத் தரும். அது இல்லாமல் மாணவர் விசா இல்லை. அங்கே போய் வேலை பார்த்துச் சமாளிக்கலாம் என்பதும் நடவாது. மாணவர் விசாவில் பருவ நாள்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விளம்பரங்களில் நடித்துச் சம்பாதிக்கும் அமெரிக்க வீரர்களின் வழியும் இந்த விசாவில் பெரும்பாலும் அடைபட்டது. பரிசுத்தொகை வாங்கியிருந்தால் எப்போது, யாரிடமிருந்து, எவ்வளவு என்று எழுதி வைத்து, கல்லூரி கேட்கும்போது மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எதிர்பாராத ஒரு கதவும் உண்டு. ஹார்வர்டு, பிரின்ஸ்டன், யேல் போன்றவை விளையாட்டுக்காக உதவித்தொகையே தருவதில்லை. மூன்றாம் பிரிவில் உள்ள எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் போன்றவையும் அப்படியே. ஆனால் இடம் கிடைத்துவிட்டால், குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து, வெளிநாட்டு மாணவருக்கும் தேவையான முழுத் தொகையையும் தருகின்றன. இடம் கிடைப்பது மிகக் கடினம். படிப்பில் மிகச் சிறந்தவராக இருக்க வேண்டும். நன்றாகப் படித்து நன்றாக ஓடவும் செய்யும் ஏழைப் பிள்ளை ஒருவர் நம்மிடம் இருந்தால், இந்தக் கதவையும் காட்டிவிட வேண்டும்.

கடிதம்

மாணவர் எந்த வகுப்பில் இருந்தாலும் பயிற்சியாளருக்கு மின்னஞ்சல் எழுதலாம். பயிற்சியாளர் தனிப்பட்ட முறையில் பேசவும் செய்தி அனுப்பவும் முதல் பிரிவில் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன் பதில் வராவிட்டால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். உதவித்தொகை ஒப்பந்தங்கள் பன்னிரண்டாம் வகுப்பு நவம்பரிலிருந்து கையெழுத்தாகும். வகுப்புகள் ஆகஸ்டில் தொடங்கும் என்பதால் மே மாதம் வரும் நம் தேர்வு முடிவு காலத்துக்கு ஒத்துவருகிறது.

கடிதத்தில் நம் வழக்கப்படி வணக்கம், பணிவு, குடும்பக் கஷ்டம் என்று தொடங்கினால் பயிற்சியாளர் முதல் பத்தியோடு நிறுத்திவிடுவார். தலைப்பு வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, நிகழ்வு, சிறந்த அளவு, நாடு. உள்ளே போட்டியின் பெயர், நாள், மின்னணு நேரமா கை நேரமா, காற்று, கருவியின் எடை; கடந்த மூன்று ஆண்டின் முன்னேற்றம்; பத்தாம் வகுப்பு மதிப்பெண், இப்போது படிக்கும் பாடங்கள்; குடும்பம் எவ்வளவு கட்ட முடியும் என்ற உண்மை; ஒரு காணொளி இணைப்பு. காணொளிக்குப் பாட்டும் வேண்டாம், மெதுவோட்ட அலங்காரமும் வேண்டாம். பக்கவாட்டிலிருந்து எடுத்த நான்கு எறிதல் போதும். அந்தக் கல்லூரி அணியில் ஈட்டி எறிபவர்கள் யார், அவர்களில் யார் அடுத்த ஆண்டு முடித்துப் போகிறார்கள் என்று பார்த்து ஒரு வரி எழுதினால், கடிதம் நகலெடுத்து அனுப்பியதல்ல என்று தெரியும். மாணவரே எழுத வேண்டும். நாம் திருத்தலாம்; எழுதித் தரக்கூடாது. அடுத்த வாரம் காணொளி அழைப்பில் பேசப்போவது அவர்தான்.

முகவரிடம் 75,000 ரூபாய்க்கு என்ன செய்வீர்கள் என்று மாணவியின் அப்பா என் முன்னாலேயே கேட்டார். சுயவிவரம் தயாரிப்போம், நூறு கல்லூரிக்கு அனுப்புவோம் என்றார் அவர். எந்தக் கான்பரன்ஸில் இவள் எட்டுக்குள் வருவாள் என்று கேட்டேன். கான்பரன்ஸ் என்றால் ஜூம் மீட்டிங்கா என்று திருப்பிக் கேட்டார். அப்பா சங்கிலியை வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார். எல்லா முகவர்களும் இப்படி என்று சொல்ல மாட்டேன். தகுதி மையப் பதிவுக்கு ஒரு கட்டணம், கல்லூரி விண்ணப்பத்துக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் கட்டணம், பிறகு விசாச் செலவு: இவை நேரடியாகச் செலுத்த வேண்டியவை. உங்களைத் தேர்ந்தெடுக்க எந்தப் பயிற்சியாளரும் பணம் கேட்கமாட்டார்.

மாணவி கணித உயிரியல் பிரிவில் சேர்ந்தாள். பதினொன்றாம் வகுப்பு முழுவதும் 600 கிராம் ஈட்டி. இப்போது 37 மீட்டரைத் தாண்டுகிறாள். அவள் பார்த்து வைத்த பத்து கான்பரன்ஸ்களில் ஒன்றில் மட்டும் எட்டாம் இடம் அதற்கு இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. பன்னிரண்டு கடிதம் போனது, இரண்டு பதில் வந்தது. ஒரு பதிலில் நல்வாழ்த்து. மற்றதில் பயிற்சியாளர், 39 மீட்டர் வரும்போது மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியலும் கேட்டிருக்கிறார். பட்டியல் அன்று மாலையே போய்விட்டது.

அவள் அமெரிக்கா போவாளா என்பது தெரியாது. வீட்டில் இரண்டாவது வழியும் பேசி வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்கள் உண்டு. அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே சிறப்புப் பிரிவில் அழைக்கிறார்கள். பின்னாளில் அரசுப் பணியில் 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. இங்கே கேட்பது சான்றிதழின் நிலை: மாவட்டமா, மாநிலமா, தேசியமா, எத்தனையாவது இடம் என்பது. அங்கே கேட்பது அளவு. அதனால் எங்கள் உடற்கல்வி ஆசிரியர் இப்போது ஒவ்வொரு போட்டிச் சான்றிதழின் நகலிலும் பின்பக்கம் அன்றைய அளவு, கருவியின் எடை, நேரம் எடுத்த முறை, காற்று ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வைக்கிறார். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் சேர்த்துத்தான்.